சோப்பு வாசனை

கணவர் துபாய்ப் பெட்டியைத் திறந்ததும் அந்தச் சோப்பு வாசனை எங்கள் காரைக்கால் வீடு முழுக்கப் பரவியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஐந்தாம் வகுப்பில் என் மேலும் இதே வாசனைதான். வாப்பாவுக்குச் சவூதியில் லீவு கிடைத்ததே பள்ளிக்கூட நாட்களில். எனக்குக் காய்ச்சல் என்று பள்ளியில் சொல்லிவிட்டு ஊட்டிக்குப் போனோம். படகில்கூட, இந்நேரம் கணக்கு நடக்குமே என்று தவித்தேன்.

திரும்பி வந்ததும் உம்மாதான் என்னை வகுப்பில் விட வந்தார்.

"வெளிநாட்டுச் சோப்பு மணக்குதே, அவ வாப்பா வந்திருக்காங்களா?" என்றார் டீச்சர்.

"அவங்க எங்க வந்தாங்க, டீச்சர்?" என்றார் உம்மா பட்டென்று.

ஜன்னல் வழியே பார்த்தேன். மூன்று வருஷம் கழித்து ஊருக்கு வந்த வாப்பா, கேட்டுக்கு வெளியே புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்.

"உம்மா, நாளைக்கு ஏற்காடு போறோமே, மிஸ்கிட்ட என்ன சொல்றது?" பெட்டியருகே நின்ற என் மகள் கேட்டாள்.

"வாப்பா வந்திருக்காங்கன்னு சொல்லு."