சாக்குத் திரைக்குப் பின்னால் என் தொண்டை

என்னைப் போல் பொம்பளைக் குரலில் பாட இனிமேல் ஒருத்தன் பிறந்துதான் வரவேண்டும் என்று எங்கள் தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். நிஜத்தில் நான் வாயைத் திறந்து பாடினால் மாட்டுப்பட்டியில் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொள்ளும்.

இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். கோஷ்டியில் நாங்கள் மூன்று பேர். ஆர்மோனியப் பெட்டி வாசிப்பவர் என் மனைவியின் அண்ணன். டோலக் தட்டுகிறவர் தோட்டத்துக் கொத்தனார். சேலை கட்டி ஆடுகிறவன் நான். பொங்கல், தீபாவளி, மாரியம்மன் திருவிழா வந்தால் சினிமாப் பாட்டின் மெட்டை வைத்துக்கொண்டு வார்த்தையை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு எங்கள் வார்த்தையை மாட்டுவோம். படத்தில் காதலனைக் காணாமல் உருகுகிற நாயகி, எங்களிடம் வந்தால் அரிசியைக் காணாமல் உருகுவாள்.

தோட்டத்தில் ரேடியோ பெரிய கிளாக்கர் ஐயா வீட்டில் ஒன்றுதான் இருந்தது. அதனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேருக்கு அசல் பாட்டே தெரியாது. எங்கள் பாட்டுதான் அசல். ஒரு தரம் எங்கள் ஆட்கள் கூட்டமாக ஹட்டனுக்குப் படம் பார்க்கப் போய், புருஷனைப் பறிகொடுத்த நாயகி தலைவிரி கோலமாகப் பாடுகிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். டவுன்காரர்கள் அடிக்க வந்துவிட்டார்களாம்.

பாடியது என் தங்கச்சி.

முதல் பொங்கலுக்கு என் சேலைக்கு ஊக்குக் குத்திவிடத்தான் அவள் மேடைக்குப் பின்னால் வந்தாள். கொழுந்துச் சாக்குகளைப் பிரித்துத் தைத்த திரை. நான் முன்னால் போய் நின்றேன், கூட்டத்தைப் பார்த்தேன், தொண்டை அடைத்துக்கொண்டது. பெட்டி இரண்டாவது சுற்றும் வாசித்துவிட்டது. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்தது. நான் வாயை அசைத்தேன். வேறென்ன செய்ய?

ஆட்டம் முடிந்ததும் ஓடிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்த என்னை அவள்தான் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணே, இனிமே நீ ஆடு, நான் பாடுறேன்.”

“பொம்பளப் புள்ள கூத்துல பாடுதுன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சா?”

“அடிதானே? பங்கு போட்டுக்குவோம்.”

அப்பாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பெட்டிக்கார மச்சானுக்கும் டோலக்காரருக்கும் தெரியும். அவர்கள் வாயைத் திறந்தால் கோஷ்டியே இல்லை. பெரிய கங்காணி என் தோளைத் தட்டி, “தொண்டையா இது, தேன்கூடு!” என்று மாலை போட்டபோது திரைக்குள்ளிருந்து ஒரு குசுகுசுப்பு: “எனக்கும் சேத்து ஒரு கும்பிடு போடுண்ணே.” நான் இரண்டு தரம் கும்பிட்டேன். என்ன அடக்கம் என்று சனம் கைதட்டியது.

வட்டவளைப் பக்கத் தோட்டம் ஒன்றில் அவளைக் கட்டிக் கொடுத்தோம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு திருவிழாவுக்கும் இடுப்பில் பிள்ளையோடு வந்துவிடுவாள். அண்ணன் வீட்டுக்குத் தங்கச்சி வருவதை யார் கேட்பார்கள்? ஒரு தீபாவளிக்குப் பாதிப் பாட்டில் அந்தப் பிள்ளை வீறிட்டது. குரல் நின்றுபோனது. திறந்த வாயோடு நான் மட்டும் நிற்கிறேன். சனம் பார்க்கிறது. பயத்தில் எனக்கு மூளை கலங்கி, ஜாக்கெட்டுக்குள் அட்டை புகுந்துவிட்டது போல் குதிக்க ஆரம்பித்துவிட்டேன். கையை உள்ளே விட்டுத் தேடினேன், சுற்றினேன், விழுந்தேன். தோட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் அடுப்படியில் உட்கார்ந்து, அதையே அவள் ஒரு பாட்டாக்கிவிட்டாள்:

“அட்டை ஏறிச்சே மாமா – என்னை
ஆசையாக் கடிச்சிச்சே மாமா
உப்பு வச்சும் இறங்கலையே – அதுக்கு
ஊரு போக மனசில்லையே!”

அது இல்லாமல் அதற்குப் பிறகு எங்களை யாரும் மேடையிலிருந்து இறங்க விட்டதில்லை.

பிறகு, தோட்டத்துச் சனத்தில் யார் இங்கே இருக்கலாம், யார் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கிற பிரஜாவுரிமை மனுக்களுக்கு முடிவு வர ஆரம்பித்தது. எங்களுடையதை ஏற்றுக்கொண்டார்கள். அவள் புருஷன் வீட்டாருடையது தள்ளுபடி. ஒரே லயத்து அறையில் பிறந்த எங்கள் இரண்டு பேரில் நான் இந்த நாட்டுக்காரன், அவள் இந்தியாக்காரி. இந்தியா எந்தத் திசையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் தெரியுமா? மலை எல்லாப் பக்கமும்தானே இருக்கிறது.

அவர்கள் பாஸ்போர்ட் எடுத்தார்கள். தலைமன்னாரில் கப்பல் என்றார்கள். எனக்கு நடுக்கம் பிடித்தது. தங்கச்சி போகிறாளே என்றல்ல, தொண்டை போகிறதே என்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொன்னால் கொஞ்சம் சிரிக்க முடிந்தது. நாற்பது வயதுக்கு மேல் பொம்பளைக் குரல் பழகக் கிளம்பினேன். மேல்மலைத் தேயிலைக்குள் ஒளிந்து நின்று கத்தினேன். நரி வந்திருக்கிறது என்று கங்காணி நாயோடு வந்தார். வீட்டில் பழகினால் மனைவி, “என்னங்க, கோழிக்கு வலிப்பா?” என்று எட்டிப் பார்த்தாள்.

கடைசி வாரம் தங்கச்சி குடும்பத்தோடு எங்கள் லயத்தில் வந்து தங்கினாள். நான் கத்துவதைக் கேட்டுவிட்டு எனக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள்.

“மூக்கால பாடாதண்ணே. வயித்துலேருந்து எடு.”

“வயித்துல ரொட்டிதான் இருக்கு.”

அவள் சிரித்தாள். பாடிக் காட்டினாள். நான் பாடினேன். இரண்டு பேரும் அதைக் கேட்டோம்.

“நீ போயிட்டா நான் எப்படி மேடையேறுறது?” என்றேன்.

“நான் போறதுக்கு அழுறியா, கொரலு போறதுக்கு அழுறியா?”

“கொரலுக்குத்தான்.”

“அப்ப சரி” என்று அடுப்பை ஊதப் போனாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஹட்டனில் காலை ரயில், எங்கள் பேச்சில் கோச்சி. ஸ்டேசனில் செத்த வீடு மாதிரி ஒப்பாரி. தோட்டத்திலிருந்து இரண்டு லயத்துச் சனம் வந்திருந்தது. தகரப் பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. தங்கச்சி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவள் மகள் என் கழுத்தை விடமாட்டேன் என்று கத்தினாள். பிரித்து உள்ளே கொடுத்தோம். அப்போது கொழுந்தெடுக்கிற அக்கா ஒருத்தர் மூக்கைச் சிந்திக்கொண்டே, “ஏங்க தம்பி, புள்ள ஏங்குது பாருங்க. அந்த அட்டைப் பாட்ட எடுத்து விடுங்க” என்றார். “ஆமாங்க, பாடுங்க” என்று நாலா பக்கமும்.

இல்லை என்று தலையாட்டினேன். பிகு பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். வாயைத் திறந்தேன். வயிற்றிலிருந்து எடுக்கப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

முதுகுக்குப் பின்னால் பாட்டு வந்தது.

அழுகிறவள் போல முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பாடியிருக்கிறாள். நான் வாயை அசைத்தேன். குதித்தேன். ஜாக்கெட் இல்லாததால் சட்டைக்குள் அட்டையைத் தேடினேன். அழுத முகமெல்லாம் சிரித்தது, மகளும் சிரித்தாள். கோச்சிக்கு விசில் ஊதினார்கள். அவள் நிறுத்தவில்லை. கோச்சி நகர்ந்தது. என் தொண்டை என்னை விட்டு நகர்கிறது! நான் பக்கவாட்டில் நடந்தேன், பிறகு வாயை அசைத்துக்கொண்டே ஓடினேன். ஒரு மூட்டையில் தடுக்கி எழுந்து ஓடினேன். பிளாட்பாரம் முடிந்துவிட்டது. பாட்டு முடியவில்லை. றொசல்லப் பக்கம் வளைவில் திரும்புகிற வரைக்கும் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் சனமெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. பெட்டிக்கார மச்சான் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “வாய மூடுங்க மச்சான். பாட்டு முடிஞ்சிருச்சு.”

அந்த அக்கா என்னிடம் வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“அப்ப இத்தன வருசமும் பாடுனது அதுவா?”

“அவதாங்க அக்கா.”

அவர் தண்டவாளத்துப் பக்கம் திரும்பினார். “ஐயோ, நல்லாருக்குடி ஆயின்னு ஒரு வார்த்த சொல்லாம அனுப்பிட்டோமே” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

நானும் சொன்னதில்லை. எங்களுக்குள் அப்படியெல்லாம் பேசுகிற வழக்கமில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, யாருக்கும் கேட்காமல், என் சொந்தக் குரலில், அந்தக் கன்றுக்குட்டி பயப்படுகிற குரலில் அதைச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் ஏதோ பகடி என்று நினைத்துச் சிரித்தார்.