அமத்துவதற்கு முந்திய ஐந்து செக்கன்

என் மூத்த சகோதரி ராத்தாவின் கல்யாணத்துக்கு வாப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கட்டாரிலிருந்து காசு வந்தது, சேலை வந்தது, அவர் மட்டும் வரவில்லை. “கல்யாணத்த முழுசாப் படமெடுத்து அனுப்புங்க, அதையாவது பாக்கிறன்” என்று போனில் சொல்லிவிட்டார். ஆண்கள் பக்கத்துக்குக் கெமராக்காரர் இருந்தார். பெண்கள் இருக்கும் உள்வீட்டுக்குள் அவர் எப்படி வருவார்? அந்தப் பொறுப்பு பத்து வயதுக்காரியான என் தலையில் விழுந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

கல்முனைக் கடையொன்றில் கெமராவை வாடகைக்கு எடுத்து வந்தவர் உம்மாவின் தம்பி, எங்கள் மாமா. உலகத்து இயந்திரங்களெல்லாம் தன்னைக் கேட்டுத்தான் செய்யப்பட்டன என்பது போலக் கதைப்பார். முதலில் தன்னுடைய மெமரி காட்டைப் போட்டு ‘ஃபோர்மட்’ கொடுத்தார். “இதில இருந்ததெல்லாம் எங்க போகும் மாமா?” என்றேன். “எங்கயும் போகாது, இல்லாமப் போகும்” என்று சிரித்தவர், சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். கடற்கரை மெச்சில் அவர் அடித்த சிக்ஸரெல்லாம் அதில்தான் இருந்தனவாம்.

பிறகு மோட். தெளிவாக எடுத்தால் காட் சீக்கிரம் நிரம்பிவிடும். தெளிவைக் கொஞ்சம் குறைத்தால் மாப்பிள்ளை உள்ளே வரும் வரைக்கும் தாங்கும். குறைத்தார். கடைசியில் இன்னொன்றையும் போட்டுவிட்டார். “சின்னப் புள்ளைகள் எப்பயும் பிந்தித்தான் பட்டன அமத்தும். இதப் போட்டா, நீ அமத்துறத்துக்கு முந்தின அஞ்சு செக்கனையும் சேத்து எடுத்துரும். வெளங்கிச்சா?”

“ஓம்” என்றேன். விளங்கவில்லை.

உள்ளே பெரியும்மாவின் சட்டம். உம்மாவின் மூத்த சகோதரியான அவர் பேச்சுக்கு மறுபேச்சுக் கிடையாது. நான் “கெமரா!” என்று சத்தம் போட வேண்டும், எல்லோரும் முக்காட்டைச் சரிசெய்த பிறகே அமத்த வேண்டும். அப்படியே செய்தேன். நான் கத்தியதும் உள்வீடே ஒருமுறை கிடுகிடுக்கும். கண்மூடித் திறப்பதற்குள் எல்லோரும் அடையாள அட்டைக்குப் படமெடுக்க இருப்பவர்களைப் போல ஆகிவிடுவார்கள்.

மறுநாள் கதவைப் பூட்டிவிட்டுப் பெண்கள் மட்டும் டீவியில் போட்டுப் பார்த்தோம். முதல் துண்டிலேயே பக்கத்து வீட்டு மாமி, தலையில் துணி இல்லாமல், ஒரே சஹன் தட்டில் சேர்ந்து சாப்பிட எதிரே இருந்தவளின் இறைச்சித் துண்டைப் பறித்துக்கொண்டிருந்தார். அடுத்து என் “கெமரா!” சத்தம். மாமி எலும்பை வாயில் வைத்தபடியே முக்காடு போட்டார். இரண்டாவது துண்டில் பெரியும்மா. பொய்ப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்து, மிக நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“யா அல்லாஹ்! இத ஆம்புளைகள் பாத்தா என்ன கதி? எல்லாத்தையும் அழி!” என்று பெரியும்மா கத்தினார்.

“அப்ப வாப்பாக்கு எத அனுப்புற?” ராத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மணப்பெண்ணாக அவளை வாப்பா பார்ப்பதற்கு இருந்தது அந்த ஒரு காட்தான். எனக்கும் அழுகை வந்தது.

அப்போது பக்கத்து வீட்டு மாமி மெல்லச் சொன்னார், “அழிக்கிறதுதானே, அதுக்கு முந்தி இன்னொருக்காப் போடு புள்ள.”

போட்டேன். பிறகு இன்னொருக்கா. கதவு பூட்டியிருந்தும் சிரிப்பு றோட்டுக்குக் கேட்டதாக மாமா சொன்னார். பெரியும்மாவும் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். கோபம் எங்கே போனதோ தெரியாது. கடைசியில் அவரே தீர்ப்புச் சொன்னார்: மற்றப் பெண்கள் வருவதையெல்லாம் அழிப்பது, உம்மாவும் ராத்தாவும் மட்டும் வருவதை அனுப்புவது.

மிஞ்சியவை கொஞ்சத் துண்டுகள்தான். அதில் ஒன்றில் உம்மா ராத்தாவுக்குச் சோற்றை உருட்டி வாயில் தீத்துகிறார். ராத்தா விரலைக் கடித்துவிடுகிறாள். உம்மா தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார். அதன் பிறகு என் சத்தம், முக்காடு, அடையாள அட்டை.

கட்டாருக்குத் திரும்பிப் போன ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டைக் கொடுத்தனுப்பினோம். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வாப்பாவின் போன் கோல் வந்தது. “றூமில எல்லாரும் வெளிய போன நேரம், தனியத்தான் பாத்தன். நல்லா எடுத்திரிக்காய் மகள். அந்தச் சோறு தீத்துற துண்ட எத்தின தரம் பாத்தன் எண்டு எனக்கே தெரியா. உம்மாக்கிட்டக் குடு.”

உம்மா போனைக் காதில் வைத்து, “ஓம்... ஓம்... போங்க, உங்களுக்கு வேற வேலையில்ல” என்றார். அறையில் நானும் அவரும்தான். ஆனாலும் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. இந்த விஷயங்களில் வீட்டில் இப்போது நான்தானே கெட்டிக்காரி? கிட்டப் போய், “உம்மா, இது சும்மா கோல். வாப்பாக்கு உங்கட முகம் தெரியா” என்று விளக்கமாகச் சொன்னேன்.

போனுக்குள் வாப்பா சிரித்தது எனக்கே கேட்டது. உம்மா என்னைச் சீனி வாங்கக் கடைக்கு அனுப்பிவிட்டார். போத்தல் நிறையச் சீனி இருந்தது.