வெட்டிக் காட்ட முடியாத கேக்

கேக்குக்கு ஐசிங் போடுவதற்காகத்தான் நான் பிறந்திருக்கிறேன் என்பது எனக்கு முப்பத்தெட்டு வயதில்தான் தெரியவந்தது. அதுவரைக்கும் கண்டியில் நீர்ப்பாசனக் கந்தோரில் படவரைஞராக இருந்து, வாய்க்காலும் மதகும் கீறிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கந்தோர் நண்பர் ஒருவரின் கலியாணத்துக்குப் போனேன். மேடையில் ஐந்தடுக்குக் கேக் ஒன்று நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால், அடேயப்பா! அடுக்குக்கு அடுக்கு, சீனியால் பின்னிய லேஸ் தொங்குகிறது. என்னிடம் இருந்த ஆகமெல்லிய பேனா கீறும் கோட்டைவிட மெல்லிய இழை. அதுவும் காகிதத்தில் அல்ல, வெறும் காற்றில். மெய்தானா என்று ஒரு விரலால் தொட்டேன். டிக் என்று ஒரு துண்டு ஒடிந்து கையோடு வந்துவிட்டது. நல்லகாலம், ஒருவரும் பார்க்கவில்லை. துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, புரியாணிகூடச் சாப்பிடாமல் வீட்டுக்கு ஓடிவந்தேன். புரியாணியை விட்டுவிட்டு வந்தவன் என்றால் எனக்கு எவ்வளவு முற்றியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சனிக்கிழமையே, கேக் வகுப்பு நடத்துகிற சிங்களப் பெண்மணி ஒருவரின் வீட்டைத் தேடிப்பிடித்துக் கதவைத் தட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வகுப்பு முடிய இன்னும் நேரம் இருக்கிறதே, மனைவியைக் கூட்டிப்போக வந்தீர்களா?" என்று கேட்டார். மனைவி என்று ஒருத்தி இல்லை, படிக்க வந்தது நான்தான் என்றேன். உள்ளே முட்டை அடித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் எல்லாம் அப்படியே நின்றன. கட்டுகஸ்தோட்டையில் இருந்து வருகிற முஸ்லிம் பெண் ஒருவர்தான் முதலில் சிரித்து, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்.

"வாங்கோ நானா, இரிங்கோ. மொதல்ல இந்த முட்டைய ஒடைங்கோ."

உடைத்தேன். வெள்ளைக்கருவில் ஐசிங் சீனியைக் கொட்டி, நாலு சொட்டுத் தேசிக்காய்ப் புளி விட்டு, கை கழன்று விழும்வரைக்கும் அடித்தேன். எண்ணெய்த்தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் ஊசித் துளைக் குழலைப் பொருத்திப் பிழிந்தேன். அன்றைக்கு நான் போட்டது ரோசாப்பூ. அதை எல்லோரும் கறிக்கு வெட்டுகிற கோவா என்று நினைத்தார்கள். எனக்கோ தலைகால் தெரியவில்லை. பேராதனைக்குத் திரும்பும் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் மெல்ல எழுந்து வேறு சீற்றுக்குப் போய்விட்டார்.

பேராதனையில் ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில் நானும் தங்கச்சியும் வாடகைக்கு இருந்தோம். அவள் அங்கே ஆஸ்பத்திரியில் தாதி. வேலை முடிந்து வந்தால் கதிரையிலும் லேஸ், அலுமாரிக்குள்ளும் லேஸ். கண்டி மழையின் ஈரத்தில் சீனி இளகிவிடும் என்று அலுமாரிக்குள் ஒரு பல்பை எரியவிட்டிருந்தேன். "அண்ணா, உங்களுக்கு முழு விசர்" என்று அவள் திட்டுவாள். திட்டிக்கொண்டே ஒடிந்த துண்டுகளைப் பொறுக்கித் தின்பாள்.

காலம் நல்ல காலம் இல்லை. எங்காவது குண்டு வெடிக்கும், உடனே ஊரடங்கு போடுவார்கள். தமிழ்ப் பெயரும் யாழ்ப்பாணத்துப் பிறப்பும் உள்ளவன் யன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கவேண்டும். தங்கச்சி வார்டில் மாட்டிக்கொண்டால் எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும். அப்போதெல்லாம் கூம்பைக் கையில் எடுப்பேன். மூச்சை அடக்காமல் இழை போட முடியாது. மூச்சை அடக்கினால் நெஞ்சும் அடங்கும். ஊரடங்கு நாட்களில்தான் என் கை திருந்தியது என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். என்ன செய்ய, அதுதான் உண்மை.

இந்தக் கூத்தெல்லாம் யாழ்ப்பாணத்தில் இருந்த அப்பாவுக்குத் தெரியாது. அவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆம்பிளைக்கு அடுப்படியில் வேலை இல்லை என்பது அவருடைய கட்சி. சனிக்கிழமைகளில் கிளாசுக்குப் போகிறேன் என்று நான் எழுதியதை, பதவி உயர்வுச் சோதனைக்கான கிளாஸ் என்று எடுத்துக்கொண்டு, ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். நான் என்னத்தைச் சொல்ல?

இப்படி நாலு வருடம் ஓடியது. தங்கச்சிக்குக் கலியாணம் பொருந்தியது. சண்டையில் தரைப்பாதை பூட்டிக் கிடந்ததால் கண்டியிலேயே வைப்பது என்று முடிவாயிற்று.

"அண்ணா, என்ர கேக்கை நீங்கள்தான் செய்யவேணும்" என்றாள்.

துள்ளிக் குதித்தேன். மெய்யாகவே குதித்தேன். மேசையில் இருந்த கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது.

"பொறுங்கோ, ஒரு கதை இருக்கு. நீங்கள்தான் செய்தது எண்டு அப்பாவுக்கு உங்கட வாயால சொல்லவேணும். சொல்லாட்டி, மேடையில கத்தியப் பிடிச்சுக்கொண்டு சும்மா நிப்பன். வெட்டவே மாட்டன்."

அவள் பிடித்தால் குரங்குப்பிடி. சரி என்று தலையாட்டினேன். கேக் செய்கிற ஆசையில் அந்த நேரம் எதற்கும் தலையாட்டியிருப்பேன்.

கலியாணக் கேக் என்றால் உங்களுக்குத் தெரியும்தானே. மேடையில் நிற்கிற கோபுரம் உள்ளே கோறையான ரெஜிபோம். புது வானொலிப் பெட்டி வாங்கினால் உடையாமல் இருக்கச் சுற்றிவரச் செருகி வருமே, நகம் பட்டால் கீச்சிடுகிற அந்த வெள்ளைச் சாமான். சனம் வீட்டுக்குக் கொண்டுபோகிற கேக் துண்டுகளைத் தனியாகச் சுற்றி வைத்திருப்பார்கள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் வெட்டுவதற்கு மட்டும் அடித்தட்டில் ஒரு சின்னத் துண்டு நிசக் கேக். மிச்சமெல்லாம் ஐசிங் போடுகிறவனின் வித்தை. நான் ஐந்தடுக்கு வைத்தேன். ஒவ்வோர் அடுக்கில் இருந்தும் அடுத்த அடுக்குக்கு மழைக்கம்பி மாதிரி இழைகளை இறக்கினேன். ஒடிய ஒடியப் போட்டேன். கடைசி இழை நின்றதும் அறையைச் சுற்றி ஆடினேன். வீட்டுக்காரர் பாம்பு வந்துவிட்டதோ என்று தடியோடு ஓடிவந்தார்.

அப்பாவும் அம்மாவும் ஆமியிடம் பாஸ் எடுத்து, கப்பலேறி, பஸ் மாறி, ஒருபடியாக வந்து சேர்ந்தார்கள். அப்பா கேக்கை நின்று பார்த்தார்.

"எந்தக் கடையில எடுத்தது?"

"தெரிஞ்ச இடம்" என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனை முறை முயன்றேன்! "அப்பா, ஒரு விசயம்" என்று தொடங்குவேன். "என்ன?" என்று அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். "தேத்தண்ணி வேணுமோ?" என்று முடிப்பேன். பாவம், அந்த நாட்களில் அவர் குடித்த தேத்தண்ணிக்கு ஒரு தோட்டமே போதாது.

கலியாணக் காலை. அம்மாவும் தங்கச்சியும் முதலே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். இழைகள் அடுக்குகளைப் பிணைத்திருந்ததால் கேக்கைக் கழற்ற முடியாது. வாடகைக்குப் பிடித்த வான் ஒன்றின் பின் சீற்றைக் கழற்றிவிட்டு, கேக்கைப் பலகையோடு நடுவில் வைத்து, நான் பிள்ளைத்தாச்சியைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டேன். அப்பா முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் இருந்தார். பாதி வழியில் சோதனைச் சாவடியில் மறித்தார்கள்.

சார்ஜன்ட் என் அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு கேக்கைப் பார்த்தார். விரலால் தட்டினார். டொக் டொக்.

"உள்ளே வெறுமையாக இருக்கிறதே. வெட்டிக் காட்டு" என்றார் சிங்களத்தில்.

"வெட்ட முடியாது ஐயா, ரெஜிபோம்."

"ரெஜிபோம் என்று எனக்கும் தெரியும். ரெஜிபோமுக்குள் என்ன என்றுதான் கேட்கிறேன்."

அரிசி மூட்டையைக் குத்திப் பார்க்கிற நீட்டுக் கம்பியோடு ஒரு சிப்பாய் வந்தான். வெட்டவும் முடியாது, தின்னவும் முடியாது, தட்டினால் உள்ளே ஒன்றும் இல்லை, கொண்டுவந்தவனோ யாழ்ப்பாணத்தான். நான் சார்ஜன்டாக இருந்திருந்தால் என்னை அப்போதே உள்ளே போட்டிருப்பேன்.

"எந்தக் கடை? கடைக்காரனைக் கேட்போம்."

"கடை இல்லை. நான்தான் செய்தேன்."

சிங்களத்தில் அது எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது! அப்பாவுக்குச் சிங்களம் ஓர் எழுத்தும் தெரியாது. முன்னால் இருந்து எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீயா? ஆம்பிளையா?" சார்ஜன்ட் வாய்விட்டுச் சிரித்தார். "எங்கே, செய்து காட்டு பார்ப்போம்."

வழியில் ஒடிந்தால் ஒட்டுவதற்கென்று கூம்பில் ஐசிங் வைத்திருந்தேன். அவர் ஒரு பிஸ்கட்டை மணல் மூட்டையின் மேல் வைத்தார். கூம்போடு இறங்கினேன். மூச்சை அடக்கினேன். குழல் நுனி பிஸ்கட்டைத் தொட்டது. ஒரு பூ, அதைச் சுற்றி ஓர் இழை, இழைக்குள் இன்னோர் இழை. நிமிர்ந்து பார்த்தால் சாவடியில் இருந்த அத்தனை பேரும் என் தலைக்கு மேல் நிற்கிறார்கள். கம்பிக்காரன் கம்பியைக் கீழே போட்டுவிட்டுத் தன் தங்கைக்கு ஒன்று கேட்டான். இன்னொருவன் மகளுக்குக் கேட்டான். பிஸ்கட் பெட்டியே வந்துவிட்டது. எனக்கா, பேய் பிடித்த மாதிரி இருந்தது! மயில் கேட்டவனுக்கு மயில், தாமரை கேட்டவனுக்குத் தாமரை. பின்னால் வாகனங்கள் ஹோன் அடிக்கின்றன. நான் நிறுத்தினால்தானே.

"தம்பி, மூர்த்தம் தப்பப்போகுது!" என்று அப்பா வானுக்குள் இருந்து கத்தினார்.

அப்போதுதான் எனக்கு நினைவு திரும்பியது. சார்ஜன்ட் குனிந்து, பலகைக்குக் கீழே டோர்ச் அடித்து, பலகையின் நடு ஓட்டை வழியாகக் கேக்குக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஓடு, ஓடு" என்று கை காட்டினார். ஓர் இழைகூட ஒடியவில்லை.

மண்டபம் வந்தது. இறங்கும்போது அப்பா, "உனக்குச் சிங்களம் நல்லா வருது" என்றார். நான் "ஓம்" என்றேன். வானுக்குள் கொடுக்கத் தேத்தண்ணியும் இல்லை.

மூர்த்தம் தப்பவில்லை. தாலி ஏறியது. கேக் வெட்டுகிற நேரம் வந்தது. தங்கச்சி கத்தியை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். படம் பிடிப்பவர் "வெட்டுங்கோ, வெட்டுங்கோ" என்கிறார். மாப்பிள்ளை திருதிருவென்று முழிக்கிறார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அண்ணா, அப்பாவுக்குச் சொல்லியாச்சோ?" என்று மேடையில் இருந்தே கேட்டாள், பாவி. மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது.

முன்வரிசையில் இருந்த அப்பா எழும்பினார்.

"அவன் ஆமிக்காரருக்குச் சொல்லிப்போட்டான், பிள்ளை. எனக்குத்தான் இன்னும் சொல்லேல்லை."

ஆமிக்காரரின் துவக்குக்கு முன்னால் சொன்னது இதைவிடச் சுலபம்.

"அப்பா, இந்தக் கேக் நான் செய்தது."

"முழுக்கவோ?"

"முழுக்க."

அப்பா பின்னால் திரும்பிச் சனத்தைப் பார்த்தார். ஊரில் இருந்து வந்தவர்கள், உறவுக்காரர், அவரிடம் கணக்குப் படித்தவர்கள், எல்லோரும் இருந்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பெலத்துச் சொல்லடா. பின்னுக்கு இருக்கிறவைக்குக் கேக்கேல்லை."