மைனஸ் இருபதில் தேவமலரின் கோடுகள்

தேவமலர் போட்ட கோட்டை அழிக்கவே மாட்டாள் என்று மலாக்காவில் குயில்ட் தைக்கும் பெண்கள் பெருமையாகச் சொல்வார்கள். அது பொய். தேவமலர் அந்தப் பொய்யைச் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னபோது மறுத்ததும் இல்லை.

இரண்டு துணிகளுக்கு நடுவே பஞ்சை விரித்து, மூன்றையும் சேர்த்துத் தைக்கிற போர்வைதான் குயில்ட். ஊசி எந்த வழியாகப் போகவேண்டும் என்று மேல்துணியில் யாராவது கையால் வரைந்து கொடுக்க வேண்டும். கோடு கோணினால் தையல் கோணும். தையல் கோணினால் போர்வையே சுருங்கிப்போகும். எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து தைக்கும்போது, வரைந்தவள் செய்த தப்பு எட்டுப் பேர் விரலிலும் ஏறும்.

தேவமலருக்கு வயது நாற்பத்து மூன்று. நியாலாஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். விமான நிலையத்துக்கு அருகே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தாள். பச்சை நிறப் பலகைகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து, அவற்றில் ஓடும் செப்புக் கோடுகள் எங்காவது ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்ப்பது வேலை. முட்டாமல் மோதாமல் அவை வளைந்து திரும்புவதைப் பார்த்துப் பார்த்துத்தான் கை பழகியது என்பாள். "கோலம் போட்டுப் பழகுனீங்களா?" என்று யாராவது கேட்டால், "இல்லலா, ஃபேக்டரி" என்பாள்.

தொழிற்சாலை அந்தப் பிரிவை மூடியபிறகு புக்கிட் பெருவாங்கில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் துணி விரித்து வரைய ஆரம்பித்தாள். மயிலோ வாழையிலையோ அலையோ, எது கேட்டாலும் ஒரே கோட்டில் வரும். நூலை எங்கும் அறுக்காமல் ஊசி கடைசிவரை போகலாம். வாடிக்கையாளர்களுக்கு அது அதிசயமாக இருந்தது. "எடுத்த பேனாவ வைக்காம வரைவாளாம்" என்ற பேச்சு அப்படித்தான் பரவியது.

உண்மையில் அவள் நிறைய அழிப்பாள். சூடுபட்டால் மை மறைகிற பேனா ஒன்றை எழுதுபொருள் கடையில் வாங்கி வைத்திருந்தாள். தப்பான கோட்டின்மேல் இஸ்திரிப்பெட்டியின் மூக்கை வைத்து எடுத்தால் போதும், தடமே இருக்காது. பென்சில் என்றால் கறை விழும். இதில் ஒன்றும் விழாது. யாருக்கும் தெரியாது.

அவளுக்கு வேலை கொண்டுவருவது ராகினி. அதே தமான் குடியிருப்பில் நான்கு தெரு தள்ளி இருப்பவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியை மணிச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வீட்டு கார் போர்ச்சில் எட்டுப் பெண்களைச் சேர்த்துத் தையல் குழு நடத்துகிறார். சிரம்பானிலும் மூவாரிலும் உள்ள குழுக்கள்கூட ராகினியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தேவமலருக்கு ஃபோன் செய்யும். ராகினி உதட்டைப் பிதுக்கினால் தேவமலர் மறுபடியும் ஏதாவது ஃபேக்டரி வாசலில் ஃபாரம் நிரப்ப வேண்டியதுதான்.

டிசம்பரில் ராகினியின் மகள் தேவிஸ்ரீக்குக் கனடாவில் கல்யாணம். குழுவின் பரிசாக ஐம்பது அங்குலச் சதுரத்தில் ஒரு குயில்ட். வியாழக்கிழமை ராகினிக்கு ஃப்ளைட். ஞாயிறு காலையிலிருந்து புதன்வரை எட்டுப் பேரும் தைப்பார்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வரைந்த துணி வந்துவிட வேண்டும்.

பத்தொன்பது நாள் வரைந்தாள். அதற்குள் வாட்ஸ்அப்பில் ராகினி ஏழு முறை மனசு மாற்றினார். மூலைகளில் மயில் வேண்டும் என்றார். பிறகு அன்னம். பிறகு தாமரை. கடைசியில் "மயிலே இருக்கட்டும்லா" என்றார். ஒவ்வொரு முறையும் தேவமலர் "சரிக்கா" என்று பதில் போட்டுவிட்டு இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கினாள்.

சனிக்கிழமை பகல் தங்கா பத்துவில் கணவன் சுகுமாரனின் சித்தி வீட்டுப் புதுமனை புகுவிழா. சாப்பிட்டுவிட்டு வரும் வழியில் ராகினி வீட்டில் துணியைக் கொடுத்துவிடலாம் என்று, மடித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, காரின் பின்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். நிழலில் இடமில்லை. சுகுமாரன் வெட்டவெளியில் காரை நிறுத்தினான். அப்போது மணி பதினொன்று.

இரண்டு மணிக்கு, சாப்பாடு முடிந்து கிளம்பும் நேரத்தில் சித்தி இருசம்மாள் பிடித்துக்கொண்டார்.

"என்னா மலரு, கனடாவுக்கு என்னமோ வரைஞ்சியாமே. காட்டு, நாங்களும் பாப்போம்."

முப்பது பேர் சுற்றி நின்றார்கள். காரிலிருந்து எடுத்துவந்த பை தோசைக்கல் மாதிரி சுட்டது. மேசையைத் துடைத்துத் துணியை விரித்தாள். முதல் மடிப்பில் ஒன்றுமில்லை. இரண்டாவது மடிப்பிலும் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஒரு மயிலின் கழுத்து மட்டும் இருந்தது. தலை இல்லை.

"எங்க வரைஞ்சிருக்கே? பின்பக்கமா?" என்றார் இருசம்மாள்.

"மறைமுகமா வரைஞ்சிருக்காங்க சித்தி," என்றார் கூட்டத்தில் ஒருவர். சிரித்தார்கள்.

தேவமலர் சிரிக்கவில்லை. நடுவில் மடிந்திருந்த பகுதி மட்டும் தப்பியிருந்தது. வெயில் பட்ட மேல்மடிப்புகள் எல்லாம் வெளுத்த துணி. பத்தொன்பது நாள் வரைந்ததை நான்கு மணி நேரத்தில் திரும்ப வரைய முடியாது. காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

"நெழல்ல எடமில்ல, நான் என்னா செய்வேன்?" என்றான் சுகுமாரன், அவள் ஒன்றும் கேட்காமலே.

"பேசாம ஓட்டுங்க."

ஆயர் குரோ சாலையில் திரும்பும்போதுதான் பேனா அட்டையின் பின்பக்கம் ஞாபகம் வந்தது. பொடி எழுத்தில் இரண்டு வரி. அறுபது பாகை சூட்டில் மை மறையும். மைனஸ் பத்துக்குக் கீழே போனால் திரும்பத் தெரியலாம். வாங்கிய அன்று அதைப் படித்து, மலாக்காவில் எங்கே மைனஸ் பத்து என்று அவளே சிரித்திருக்கிறாள்.

"காந்தன் கடைக்குப் போங்க," என்றாள்.

காந்தன் புக்கிட் பெருவாங்கில் உறைய வைத்த சாப்பாட்டுச் சாமான்கள் விற்கிறவன். பரோட்டா, சமோசா, கோழி, மீன் உருண்டை எல்லாம் கிடைக்கும். கடையில் படுக்கை ஃப்ரீசர் நான்கு உண்டு. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துணியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அக்கா, இந்தக் கடையில செத்ததுக்குத்தான் எடம். துணி இதுதான் மொத தடவ."

"தம்பி, வெளையாடாத. மைனஸ் எவ்வளோ காட்டுது?"

"ஐஸ்கிரீம் பெட்டி இருவது. மீன் வாடை இருக்காது. ஆனா சும்மா சும்மா மூடியத் தொறக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

ஐஸ்கிரீம் டப்பாக்களை ஒதுக்கித் துணியை உள்ளே வைத்து மூடியைச் சாத்தினான். மூன்று பத்து. சுகுமாரன் வெளியே போய் ஒரு தேத்தண்ணி கேட்டான். தேவமலர் ஃப்ரீசர் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். மை திரும்பி வருமா? முழுசாக வருமா? வந்தால்...

அப்போதுதான் அது உறைத்தது. மை வந்தால் எல்லா மையும் வரும். வெயில் அழித்தது மட்டுமல்ல, இஸ்திரிப்பெட்டி அழித்ததும் வரும். அன்னம் வரும், தாமரை வரும், கோணிய கோடுகள் அத்தனையும் வரும். அழிக்கவே மாட்டாள் என்ற பேர் அத்தோடு போகும்.

அதுகூடப் பரவாயில்லை. வலது கீழ்மூலையில் கழுதை இருந்தது.

ராகினி ஆறாவது முறை மனசு மாற்றிய மத்தியானம், எரிச்சலில், மயில் இருந்த இடத்தில் தேவமலர் உள்ளங்கை அளவுக்கு ஒரு கழுதையை வரைந்தாள். அதற்கு மூக்குக்கண்ணாடி மாட்டினாள். கண்ணாடியில் மணிச் சங்கிலி கோத்தாள். இரண்டு நிமிஷம் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். பிறகு இஸ்திரி வைத்தாள்.

"தம்பி, தொற. எடுத்துடு."

"இப்பத்தான வச்சீங்க? அஞ்சு நிமிசம்கூட ஆவலியே."

"எடுத்துடுன்னா எடு."

திறந்தபோது மேல்மடிப்பில் கோடுகள் தெரிய ஆரம்பித்திருந்தன. மங்கலாக, சாம்பல் நிறத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக. தேவமலர் யோசித்தாள். வரைந்ததும் வேண்டும், கழுதையும் கூடாது. முழுசாக வரட்டும், வீட்டுக்குப் போய் அந்த மூலையை மட்டும் இஸ்திரியில் காட்டி, மயிலைத் திரும்ப வரைந்துவிடலாம். ஆறு மணிக்கு இன்னும் நேரமிருக்கிறது.

"மூடு," என்றாள். காந்தன் தலையில் அடித்துக்கொண்டு மூடினான்.

நாலரைக்குத் துணியை வெளியே எடுத்தார்கள். பலகை மாதிரி விறைத்து, ஓரமெல்லாம் பனி. அதைப் பையில் போடும் நேரத்தில் கடை வாசலில் ராகினியின் குரல் கேட்டது.

"காந்தா, நாளைக்குப் பசியாற எட்டு பேருக்குப் பரோட்டா வேணும். அட, மலரு? கையில என்னா, நம்ம துணியா?"

"ஆமாக்கா. நான் வீட்டுக்குப் போயி ஒருதடவ பாத்துட்டு..."

"என்னாத்தப் பாக்கறது? குடு. நானே கொண்டு போயிடுறேன். என்ன இது, இவ்வளோ சில்லுன்னு இருக்கு?"

தேவமலர் வாயைத் திறப்பதற்குள் காந்தன் முந்திக்கொண்டான். "ஏர்கோன் கீழ வச்சிருந்தாங்க."

பரோட்டாப் பொட்டலங்களோடு துணியும் ராகினியின் காரில் ஏறிப் போனது. ராகினி அதை ஃப்ரேமில் விரித்துக் கட்டும்போது பார்க்காமல் இருக்க முடியாது. ஃபோன் செய்து சொல்லிவிடலாம் என்று தேவமலர் மூன்று முறை எடுத்தாள். என்ன சொல்வது? ராகினியிடமிருந்தும் எந்தச் செய்தியும் வரவில்லை. எதற்கெடுத்தாலும் மெசேஜ் அனுப்புகிறவர் அன்று ஒரு வரிகூட அனுப்பவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவள் போனபோது, போர்ச்சில் மரச் சட்டத்தில் துணி இழுத்துக் கட்டியிருந்தது. எட்டுப் பெண்களும் ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, எங்கே குத்துவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். மயிலுக்குள் அன்னம், அன்னத்துக்குள் தாமரை. ஒரு நேர் ஓரத்துக்கு ஒன்பது கோணல் ஓரம். தேவமலரின் பத்தொன்பது நாளும் அங்கே அம்மணமாகக் கிடந்தது.

குழுவிலிருந்த மலாய்க்கார அக்கா, காக் ரோஸ்னாதான் முதலில் பேசினார். தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவர், தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "மலரு, நீ அழிக்கவே மாட்டேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட ஆறு வருசமா சொல்றேன். அவர் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"அழிப்பேன் காக். நெறைய அழிப்பேன்," என்றாள் தேவமலர். கார் வெயில், பேனா, ஃப்ரீசர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லும்போது வலது கீழ்மூலையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். அங்கே ராகினி உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் அந்த மூலையின்மேல் இருந்தன. அடியில் என்ன தெரிகிறது என்று பார்க்க முடியவில்லை.

"அயர்ன் வச்சா?" என்று ஒருவர் கேட்டார்.

"நல்ல கோடும் சேந்து போயிடும். ரெண்டுக்கும் நடுவுல விரல் அகலம்கூட இல்ல."

ராகினி கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "அப்ப நீ இங்கயே இரு. எது சரின்னு ஒவ்வொருத்தருக்கும் காட்டு. இந்த மூலைய நான் பாத்துக்கறேன். இங்க யாரும் வர வேணாம்."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. தேவமலருக்கு அதுதான் தாங்கவில்லை.

நான்கு நாள் சட்டத்தைச் சுற்றி நடந்தாள். சிவப்பு நூலால் சரியான கோட்டில் ஆங்காங்கே அடையாளம் போட்டாள். "இதுவா, அதுவா?" என்று எட்டுத் திசையிலிருந்தும் கேள்வி வந்தது. சில இடங்களில் அவளுக்கே தெரியவில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து "இதுதான்" என்றாள். மூன்று மூலைகளுக்கும் போனாள். நான்காவதற்கு ராகினி கூப்பிடவே இல்லை. ராகினியிடம் மயில் எது என்று சொல்லவேண்டியது தன் வேலை என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். ஒவ்வொரு நாளும் வேறு பக்கம் போனாள்.

புதன்கிழமை மத்தியானம் தையல் முடிந்தது. மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். ராகினி இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"அழி. ஒனக்குத்தான் நல்லா வருமே."

தேவமலர் இடது மேல்மூலையில் ஆரம்பித்தாள். அன்னங்கள் போயின, தாமரைகள் போயின. தைத்த ஒற்றைக் கோடு மட்டும் நின்றது. பெட்டி வலது கீழ்மூலைக்கு வர நேரமெடுத்தது. அவள் நேரமெடுத்தாள்.

கழுதை அங்கேதான் இருந்தது. காது, வால், சங்கிலி, ஒன்றும் குறையவில்லை. ராகினி பக்கத்தில் நின்றார். அவர் கழுத்துச் சங்கிலி ஆடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அது வந்து..."

"அழி."

பெட்டியை வைத்து எடுத்தாள். கழுதை மறைந்தது. மயிலின் தையல் தெரிந்தது. அதன் தோகைக்குக் கீழே, எந்தக் கோட்டோடும் சேராமல், இரண்டு சின்ன வட்டங்கள் தைக்கப்பட்டிருந்தன. நடுவில் ஒரு சின்ன வளைவு. மூக்குக்கண்ணாடி. பொடித் தையல், மிகவும் சுத்தமாக.

தேவமலர் நிமிரவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. சொல்லாமல் விட்டால் நாளை துணி பெட்டியில் ஏறிப் போய்விடும்.

"அக்கா, அந்த ஊரு குளிருல இது திரும்ப வரும். தொவைச்சாலும் முழுசாப் போவாது."

"எது?"

"கோடுங்க எல்லாம்."

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

ராகினி துணியை எடுத்து உதறி மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, அவசரமில்லாமல். கேட் வரைக்கும் வந்து தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார்.

"மூவார்லேருந்து ஒருத்தங்க கேட்டாங்க, மார்ச்சுல ஒன்னு வேணுமாம். ஒன் நம்பர் குடுத்திருக்கேன்," என்றார். "பென்சில்ல வரை."