வெறும் அட்டை

பேக்கரியின் பின்கட்டில் அவளுடைய மேசை. ஜன்னல் கிடையாது. டியூப்லைட்டில் எல்லா நிறமும் கொஞ்சம் பொய் சொல்லும். அதனால் கிரீம் கலக்கியதும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போய் வெயிலில் பார்ப்பாள். "பிள்ளைக்கு வேடிக்கை காட்ட அக்கா கிளம்பிட்டாங்க" என்பார் ஓவன்காரர். இருபத்தாறு வருடமாக அதே கிண்டல்.

ஒரு கேக்கில் மூன்று நிறத்துக்கு மேல் அவள் வைத்ததில்லை. ஒன்று உடம்புக்கு, ஒன்று துணைக்கு, மூன்றாவது நகக்கண் அளவு. கடையில் அவளுக்கு 'மூணு கலர்' என்றே பெயர். ஏழு நிறம் கேட்டு வருகிறவர்களிடம் மறுத்துப் பேச மாட்டாள். சரி என்று எழுதிக்கொள்வாள். மறுநாள் மூன்று நிறத்தைப் பார்த்துவிட்டு, கேட்டது இதுதான் என்பதுபோல் எடுத்துப் போவார்கள்.

கலக்கிய நிறம் இரவுக்குள் ஊறி ஒரு படி ஏறும். ஒரு படி குறைத்தே வைக்க வேண்டும். வெண்ணெயின் மஞ்சள் நீலத்தைப் பச்சைக்கு இழுக்கும். ஊசிமுனை ஊதா தொட்டு அதை அடக்க வேண்டும். இதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒத்துப்போகின்றனவா என்பதற்கு மட்டும் கணவர் வேண்டியிருந்தது.

அவர் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறவர். மறுநாள் கேக்குக்கான நிறங்களை ஒரு வெள்ளை அட்டையில் புள்ளி வைத்து, சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். காலையில் அவர் அதை ஜன்னலருகே பிடித்துப் பார்ப்பார்.

"ரெண்டாவது நோஞ்சான்."

"இது ஜுரம் வந்தவன் மூஞ்சி."

"ஓரத்துல இருக்கே, அது அதிகப்பிரசங்கி. பக்கத்துல யாரையும் பேச விடாது."

"சுவர் அடிக்கிறவருக்கு கேக்கைப் பத்தி என்ன தெரியும்?" என்பாள்.

"சுவரை வருஷக்கணக்கா பாக்கணும். கேக்கு அரை மணி நேரம். நீ பிழைச்சே."

கடைக்குப் போனதும் அவர் சொன்னபடியே மாற்றிவிடுவாள். அதை அவரிடம் சொன்னதில்லை.

போன வருடம் தோள் வலி என்று அவர் வேலையை நிறுத்தினார். அதற்குப் பிறகு திட்டும் குறைந்தது. தினமும் "நல்லா இருக்கு" என்றார். வயதாகிறது, இளகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் கடையில் வேலை நெரித்ததில் புள்ளி வைக்க மறந்து, வெறும் அட்டையோடு வந்துவிட்டாள். மறுநாள் காலை அவரே டப்பாவைத் திறந்து அட்டையை எடுத்தார். இன்னிக்கு ஒண்ணும் இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் ஜன்னலுக்குப் போய்விட்டார். சாய்த்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

"நல்லா இருக்கு. நடுவுல இருக்கிறதை மட்டும் ஒரு சொட்டு குறை."

"சரிங்க" என்றாள்.

அவர் குளிக்கப் போனபோது தேடினாள். பிரஷ் டப்பாவுக்குள் கண் சொட்டு மருந்து இருந்தது, பாதி தீர்ந்து. அடியில் மடித்த கண் ஆஸ்பத்திரிச் சீட்டு. பதினாலு மாதம் பழையது.

மதியம் அந்தச் சீட்டோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். "போனது திரும்பாதும்மா. மிச்சத்தைக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டர். "வெளிறின நிறத்துப் பக்கத்துல வெளிறின நிறம் இருந்தா அவருக்குப் பிரிச்சுத் தெரியாது. வெள்ளைத் தட்டுல வெள்ளையா எதையும் வைக்காதீங்க. கருப்பும் மஞ்சளும் மாதிரி நேர் எதிரா இருந்தா தெரியும்."

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தாள். ஒத்துப்போக வேண்டும் என்று அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததெல்லாம் அவருக்கு ஒரே மூட்டம்.

அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் தெரிகிறது என்பார். இன்னும் ஜாக்கிரதையாகப் பாராட்டுவார். காலையில் புள்ளி வைத்த அட்டையை நீட்டினாள். அவர் நல்லா இருக்கு என்றார். இரண்டு மாதம் இப்படியே போனது. பொய்யில்லாத ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவருக்கு அறுபது பிறந்த அன்று காலை கடையில் ஒரு கேக் செய்தாள். கருப்புச் சாயம் அதிகமானால் கசக்கும் என்று கோகோ கிரீமில் ஆரம்பித்துக் கருநீலம் வரை ஏற்றினாள். மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூ, முழு மஞ்சளில். ஓரத்தை மென்மையாக்கக் கை தானாகப் போனது. இழுத்துக்கொண்டாள். மூன்றாவது நிறம் வைக்கவில்லை. வெயிலில் பார்த்தபோது அவளுக்கே கண் கூசியது.

"யாருக்கு இது?" என்றார் முதலாளி.

"வீட்டுக்குங்க."

"அப்ப முன்வாசல் வழியா எடுத்துட்டுப் போகாதே. நம்ம கடைன்னு தெரிஞ்சிடும்."

ஓவன்காரர் எட்டிப் பார்த்தார். "ரோட்டுல பள்ளம் வெட்டினா ஒரு பலகை வைப்பாங்களே, அது மாதிரி இருக்கு அக்கா." அவள் சிரிக்கவில்லை. அவர் வந்து பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். "மச்சானுக்கா?" என்றார். தலையாட்டினாள்.

வீட்டில் ஜன்னலருகே மேசையைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். 'நல்லா இருக்கு' அவர் முகத்தில் ஏற்கெனவே தயாராக இருந்தது. மூடியைத் திறந்தாள்.

வாயைத் திறந்தவர் அப்படியே குனிந்தார். விரல் தடவாமல் நேராக வந்து, இதழுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது.

"அஞ்சு இதழ்."

"ஆமா."

"ஒண்ணு கோணல்."

"அவசரத்துல போட்டது."

"என்னடி கண்றாவிக் கலர் இது? எவனாவது கேட்டானா?"

"யாரும் கேக்கலை. நானாத்தான் போட்டேன்."

விரல் மெதுவாக மடிக்குத் திரும்பியது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"வெறும் அட்டையில நடுவுல குறைக்கச் சொன்னீங்களே. அன்னிலேர்ந்து."

"அப்புறமும் தினம் அட்டையை நீட்டினியே."

"நீங்களும் தினம் பாத்தீங்களே."

அவள் கத்தியை எடுத்தாள்.

"பூவை விட்டுட்டு வெட்டு" என்றார். "அது கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

ஓரத்தில் ஒரு துண்டு வெட்டினாள். அவருக்குக் கிரீம் ஆகாது. பழக்கத்தில் அதை வழித்துவிட்டு, உள்ளிருந்த வெள்ளைத் துண்டை வெள்ளைத் தட்டில் வைத்து நகர்த்தினாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வச்சிட்டியா?" என்றார். "எனக்குத் தெரியலை."

எழுந்து போய் நீலத் தட்டு எடுத்து வந்தாள்.