ஒரே ஒரு லீவு

என் தம்பிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த தப்பு அந்த ஒரு லீவில்தான் இருக்கிறது. வளைகுடாவில் ஒரு சின்ன நாடு. அந்தச் சின்ன நாட்டுக்குள் ஒரு பெரிய நாட்டின் ராணுவ முகாம். முகாமில் இருப்பவர்களுக்குத் துணி துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் ஒப்பந்தக் கம்பெனியில் தம்பிக்கு வேலை. பெரிய நாடு எது என்று நான் பெயர் சொல்லப்போவதில்லை. தெரியாதவர்கள் யாரும் இல்லை. தவிர, அந்தப் பெயரைச் சொன்னாலே எனக்கு வயிறு எரிகிறது.

நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் அச்சு ஊற்றுகிறவள். வெள்ளைக் களிமண்ணைப் பாயசப் பதத்துக்குக் கரைத்து அச்சில் ஊற்றி, இறுகியதும் பிரித்து எடுத்து, பிசிறு சீவித் துடைத்து வைக்க வேண்டும். பிள்ளையார், யானை, அகல் விளக்கு, எதைக் கேட்கிறார்களோ அது. அப்பாவும் இதே கம்பெனியில் சூளைப் பக்கம் இருந்தவர். அத்தனை வருஷத்து மாவுத் தூசியும் அவர் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது என்று டாக்டர் சொன்னார். தம்பி ஐந்தாவது படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அவனை ஆளாக்கியது நான். என் சொல்லை அவன் தட்டியதே இல்லை என்று கம்பெனியில் பெருமையடித்துக்கொள்வேன். இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

தம்பி அங்கே போகிறவரை எங்கள் வீட்டு டிவியில் சீரியல்தான் ஓடும். அவன் போன பிறகு அப்பா ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டார். காலையிலிருந்து செய்திதான். தம்பி இருந்த நாட்டுக்குப் பக்கத்தில் இரண்டு நாடுகளுக்குப் பல வருஷப் பகை. ஒன்றுக்கு இந்தப் பெரிய நாடு ஆயுதம் கொடுக்கும். இன்னொன்றுக்குக் கெடு கொடுக்கும். நம் ஊரில் இரண்டு குடும்பம் வாய்க்கால் தகராறில் முட்டிக்கொள்ளும்போது, ஒருத்தன் கையில் அரிவாளையும் இன்னொருத்தன் காதில் அறிவுரையையும் கொடுக்கிற ஆளை நாம் என்னவென்று சொல்வோம்? டிவியில் அவரைச் சமாதானம் பேசுகிறவர் என்றார்கள்.

"சண்டை அவங்க ரெண்டு பேருக்கும். இவன் எதுக்கும்மா நடுவுல முகாம் போட்டுக் குந்திக்கினு இருக்கான்?" என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

"அவன் குந்திக்கினு இருக்கறதாலதான் நம்ம புள்ளைக்கு வேல இருக்குது" என்றேன்.

அந்த முகாமின் அழுக்குத் துணியில்தான் எங்கள் கூரையைப் பிரித்துவிட்டுத் தளம் போட்டோம். அந்தத் தளத்தின் கீழே படுத்துக்கொண்டுதான் அப்பா அவர்களைத் திட்டினார். நானும் திட்டினேன்.

தம்பி துணியைப் பார்த்தே முகாமில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவான். பயிற்சி கடுமையாக இருந்தால் உடுப்பெல்லாம் முழங்கால் வரை மண்ணேறி வருமாம். ஓய்வு நாள் என்றால் பூப்போட்ட சட்டைகள் வருமாம். அதிகாரிகள் சிலர் குடும்பத்தோடு இருந்தார்கள். அந்த வீடுகளிலிருந்து வரும் சின்னப் பிள்ளைகளின் துணிகளைத் தனி மேஜையில் வைத்து அவன்தான் மடிப்பான். யானை போட்ட ஒரு போர்வை வாராவாரம் வருமாம். "அந்தப் புள்ளைய நான் பாத்ததே இல்லக்கா. ஆனா வளந்துடுச்சி. சட்டை சைஸு மாறிடுச்சி" என்பான். பிறத்தியார் பிள்ளை வளர்ந்ததில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்பாவுக்கு மூச்சு மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த சமயம். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். தம்பி போன் செய்தான்.

"அக்கா, மூணு நாளா புள்ளைங்க துணியே வரல."

"அதுக்கென்னடா, வூட்டுலயே மெஷினு வாங்கியிருப்பாங்க."

"இல்லக்கா. பொம்பளைங்க துணியும் வரல. அவங்க ஆளுங்கள மொதல்லயே ஊருக்கு அனுப்பிட்டாங்க போல. எங்ககிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல. இன்னைக்கு லீவு கேட்டாக் குடுத்துடுவாங்க. வந்து அப்பாவப் பாத்துட்டு வரட்டுமா?"

என் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. டாக்டரிடம் கேட்டால், ஒரு மாசமும் இருக்கலாம் ஆறு மாசமும் இருக்கலாம் என்கிறார். தம்பி இப்போது வந்துவிட்டுப் போய், அப்பா மூன்று மாசம் கழித்துப் போய்விட்டால்? திரும்பி வர லீவு கிடையாது. கொள்ளி யார் வைப்பது? எங்கள் வழக்கத்தில் பிள்ளைதான் வைக்க வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டில்தான் பங்காளி வருவான். பிள்ளை இருந்தும் பங்காளி கொள்ளி வைத்தால் ஊர் எப்படிப் பேசும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படி நடந்த வீடுகளைப் பற்றி நானே வாய் கிழியப் பேசியிருக்கிறேன். உயிரோடு இருக்கிற அப்பாவைப் பார்க்க வருகிற லீவையா, செத்துப்போகும் அப்பாவுக்குக் கொள்ளி வைக்கிற லீவையா, எதை வைத்துக்கொள்வது? நான் கொள்ளிக்கு என்று எடுத்து வைத்தேன்.

இதை அவனிடம் இப்படிச் சொல்லவில்லை. "டிவியில பேச்சுவார்த்தை நடக்குதுன்னு சொல்றாங்கடா. அந்த நாட்டுப் பெரியாளே சொல்லியிருக்காரு, அவசரமில்லன்னு. சூளை ஆறதுக்கு முன்னாடி கதவத் தொறந்தா எல்லாம் வெடிச்சிப் போவும்னு ஒனக்குத் தெரியாதா? ஆறட்டும். அப்புறமா வா" என்றேன். துணி மூட்டையைப் பார்த்துப் பேசிய என் தம்பியை விட்டுவிட்டு, கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றவரை நம்பினேன்.

"சரிக்கா" என்றான்.

ஐந்தாம் நாள் காலையில் நான் கண் விழித்தபோது குண்டு போட்டுவிட்டார்கள். பெரிய நாட்டின் விமானங்கள் கெடு வாங்கிய நாட்டில் போய்ப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டன. பேச்சுவார்த்தை என்று சொன்ன அதே வாய் வெற்றி என்று சொன்னது. அடி வாங்கிய நாட்டுக்குப் பெரிய நாடு கைக்கெட்டாத தூரம். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என் தம்பி வேலை பார்த்த முகாம். சாயங்காலம் அங்கே ஏவுகணைகள் வந்தன. விமான நிலையத்தை மூடினார்கள். எல்லோருடைய லீவும் ரத்து.

"துணி மூட்டைங்களுக்கு நடுவுல படுத்துக்கறோம்க்கா. மெத்து மெத்துன்னு இருக்குது" என்று போனில் சிரித்தான். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

எங்கள் ஊரிலும் அந்தச் சண்டை வந்து சேர்ந்தது. சூளைக்கு ஊற்றும் எண்ணெய் விலை எகிறிவிட்டதால் கம்பெனியில் சூளையைப் பற்றவைக்கவில்லை. சுடாத பிள்ளையார்கள் பலகை பலகையாக நின்றார்கள். ஒரு வாரம் வேலைக்கு வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் அப்பாவின் பக்கத்திலேயே இருக்க முடிந்தது. அப்பாவுக்கு நான் பொய் சொல்லவில்லை. தம்பி வர முடியாத நிலைமை என்று சொன்னேன். அவர் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். வார்டு வாசலில் யாருடைய நிழல் விழுந்தாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பார். நர்ஸ் வந்தாலும் பார்ப்பார், டீ கொண்டுவருபவர் வந்தாலும் பார்ப்பார். குண்டு போட்ட நான்காம் நாள் மத்தியானம் அப்படித் தூக்கிய தலை சாய்ந்துவிட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்தோம். சாவு வீட்டில் டிவி போடக் கூடாது. நான் போட்டேன். அன்று சாயங்காலம் போர் நிறுத்தம் என்று பெரிய பெரிய எழுத்தில் ஓடியது. பெரிய நாடு சொல்லிவிட்டது, இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டுவிட்டன என்றார்கள். விமான நிலையம் திறந்துவிடும், தம்பி விடிந்ததும் கிளம்பினால் மறுநாள் சாயங்காலத்துக்குள் சென்னை வந்து, பஸ் ஏறி வேப்பூரில் இறங்கி வந்துவிடுவான் என்று என் வீட்டுக்காரர் நேரக் கணக்குப் போட்டார். எடுக்க வேண்டாம், காத்திருப்போம் என்றேன். துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்தார்கள். அழ வந்த பெண்கள்கூட அழுதுவிட்டு, "ஏரோப்ளேன் உட்டாங்களா?" என்று கேட்டார்கள்.

மறுநாள் காலையில் ஒரு நாடு, அப்படி ஒரு ஒப்பந்தமே இல்லை என்றது. இன்னொரு நாடு மறுபடியும் அடித்தது. பெரிய நாடு இருவர் மேலும் கோபமாக இருப்பதாகச் சொன்னார்கள். விமான நிலையம் திறக்கவில்லை.

சித்தப்பா, அதாவது அப்பாவின் கடைசித் தம்பி, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எத்தினி நாளுக்கும்மா வெச்சிருக்கறது? எங்கியோ குந்திக்கினு ஒருத்தன் பேசறத நம்பி எங்கண்ணனப் போட்டு வெச்சிருக்கோம். போதும்மா" என்றார். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. சரி என்றேன்.

சித்தப்பாவின் மகன் கொள்ளிச் சட்டியை எடுத்தான். எந்தப் பேச்சுக்குப் பயந்து நான் தம்பியின் லீவைப் பத்திரப்படுத்தினேனோ அந்தப் பேச்சை ஒருவரும் பேசவில்லை. எல்லோருக்கும் பாவமாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் ஆற்றங்கரையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். தம்பி அதில் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கெங்கிருந்தோ அஸ்தியை எடுத்துக்கொண்டு எங்கள் மணிமுத்தாற்றுக்கு ஜனங்கள் வருவார்கள். இங்கே பிறந்தவன் அன்றைக்கு இங்கே இல்லை. தீ வைக்கும் நேரத்தில் படம் நின்றுவிட்டது. அவன் வாய் திறந்தபடி இருந்தது. என்ன சொல்ல வந்தான் என்று கேட்கவில்லை.

அந்தப் பெரிய நாட்டில் விருத்தாசலம் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. குண்டு போடும் முன் தங்கள் பிள்ளைகளை அனுப்பிவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதில் தப்பே இல்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளின் போர்வையை மடித்துக் கொடுத்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாசக்கணக்கில் இப்படியே பொருமிக்கொண்டிருந்தேன். கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்கள், அக்கா ஆரம்பிச்சிடுச்சி என்று நகர்ந்துவிடுவார்கள். அந்த நாட்டுக்காரர்களைத் திட்டும்போது எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அதனால் திட்டினேன்.

நாற்பது நாளுக்கு மேல் ஆகித் தம்பி வந்தான். அதே லீவு. மெலிந்திருந்தான், காதோரம் நரைத்திருந்தது. அப்பா படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். அழவில்லை. குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அப்பா என்னத் தேடினாராக்கா?"

"இல்லடா. கடைசி நாலஞ்சி நாளு அவுருக்கு நெனவே இல்ல. நிம்மதியாப் போயிட்டாரு."

"நெசமாவா?"

"ஒங்கிட்டப் பொய் சொல்லுவனா?"

அவன் தலையாட்டினான். "நல்லவேளைக்கா" என்றான். பிறகு சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னான். ஊற்றினேன்.

பிள்ளைகளின் துணி வரவில்லை என்று அவன் போன் செய்த அன்று சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தம்பி இப்போது வரட்டுமா என்று கேட்டான், அப்புறம் வரச் சொல்லியிருக்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்புறம் என்றால் எப்போது என்று அவர் கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. மூக்கில் இருந்த ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கொள்ளிய எவன் வெச்சா என்னம்மா? அதப் பாக்க நானா இருக்கப்போறேன்? இப்பவே வரச் சொல்லு. அவன் மொகத்தப் பாத்துக்கறேன்" என்றார்.

சரிப்பா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தம்பிக்கு நான் போன் செய்யவில்லை. அதற்குப் பிறகும் நான்கு நாள் சென்னைக்கும் அங்கேயும் விமானங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தன.