கத்திரி வெயிலில் ஐவி வளர்த்த கதை

நர்சரி தொழிலில், செடி செத்துப்போனால் அதற்கு வாங்கியவர் பொறுப்பேற்றதாக வரலாறே கிடையாது. தொட்டி வைத்து ஏமாந்த உங்களுக்கும் இது தெரியாததல்ல.

பெருங்களத்தூரில் நானும் என் கணவரும் சின்னதாக ஒரு நர்சரி நடத்துகிறோம். கட்டைவிரல் நகம் அளவு இலையோடு தொங்கும் குட்டி ஐவிக் கொடி பெங்களூரிலிருந்து மார்கழியில் லாரியில் வரும், சித்திரையில் சருகாகிவிடும். இந்த வருஷம் சில தாய்ச்செடிகளையாவது மே மாதம் தாண்ட வைத்து, அவற்றிலிருந்து நானே கன்று எடுப்பது என்று முடிவு செய்தேன். என் கணவர் சொன்னது இவ்வளவுதான்: "மணி பிளான்ட் போதும்மா. அது நாம மறந்தாலும் வளரும்."

பாசம் பொங்கிய தொட்டி

சேலையூர் டீச்சர் ஒருவர் வாங்கிப்போன ஐவியைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார். மண் கூழாக இருந்தது, வேர் அழுகி நாறியது. மேல் மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்தால் மட்டும் ஊற்றுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தேன். எப்போதெல்லாம் ஊற்றினீர்கள் என்று கேட்டேன்.

"நாங்க குடிக்கிறப்பெல்லாம் அதுக்கும் கொஞ்சம் ஊத்துவோங்க. நாம மட்டும் குடிச்சா பாவம் இல்லையா?"

குளியல்

பொத்தேரியில் படிக்கும் பெண் தன் செடியை போனில் படம் பிடித்து வந்து காட்டினாள். இலைக்கு அடியில் மெல்லிய வலை, புள்ளிப் புள்ளியாக வெளுப்பு. செஞ்சிலந்திப் பேன். காற்று உலர்ந்தால் ஐவிக்கு முதலில் வரும் வினை இதுதான். மருந்தெல்லாம் வேண்டாம், வாரம் ஒருமுறை குழாயடியில் பிடித்து இலையின் அடிப்பக்கம் நன்றாகக் கழுவு என்றேன். அவள் போனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, எங்க ஹாஸ்டல்ல நான் குளிக்கவே தண்ணி இல்ல. இதைக் குளிப்பாட்டச் சொல்றீங்க."

ஞாயிற்றுக்கிழமை வரை

கூடுவாஞ்சேரியில் மனை விற்கும் ஒருவர் காரில் வந்து இறங்கினார். லேஅவுட் திறப்பு விழாவாம். வாசல் வளைவு முழுக்க ஐவி படர வேண்டுமாம். கடையில் மிச்சமிருந்தது நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த தாய்ச்செடிகள்தான். அத்தனையையும் கேட்டார். என் கணவர் அதற்குள் தொட்டிகளைத் தூக்கவே ஆரம்பித்துவிட்டார். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன். அந்த வெயிலில் இது தாங்காது, தர மாட்டேன் என்றேன். மனிதர் கோபப்படவில்லை, எனக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உயிரோட இருந்தா போதும் மேடம். அதுக்குள்ள பிளாட் வித்துடும்."

மீன் பெட்டி

கத்திரி தொடங்கியது. நிழலுக்குக் கட்டிய பச்சை வலைக்குக் கீழேயே தொட்டி கையைச் சுட்டது. ஒவ்வொரு காலையும் ஒரு செடி தலை தொங்கிக் கிடந்தது. மூன்றே தொட்டி மிஞ்சியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் விட மனம் வரவில்லை. பக்கத்தில் மீன் விற்கும் கோவிந்தம்மா அக்காவிடம் பழைய தெர்மாகோல் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, தேய்த்துக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, தொட்டிகளை உள்ளே இறக்கிச் சுற்றிலும் ஈரத் தேங்காய் நார் அடைத்தேன். வேருக்குச் சூடு குறைந்தது. ஆனால் மீன் வாசனை போகவில்லை. தெருவிலுள்ள பூனைகள் எல்லாம் பெட்டியைப் பிராண்ட வந்துவிட்டன. கையில் குச்சியோடு காவல் உட்கார்ந்தேன். அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

"மீன் என்னாண்ட கீது, பூனை எல்லாம் உன்னாண்ட கீது. இப்பதான்மா நிம்மதியா யாவாரம் பண்ணிக்கினு கீறேன்."

விலை கேட்டவர்

மூன்றும் பிழைத்தன. முதல் மழைக்கு நுனியில் பளபளவென்று புது இலை விட்டபோது நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. கிளை வெட்டி நட்டு, வேர் பிடித்த முதல் கன்றை வாசலில் வைத்தேன். சிட்லபாக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்து விலை கேட்டார். மணி பிளான்ட் போதும் என்ற என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, "நம்ம கடையிலேயே வளர்த்தது சார், கோடையைத் தாண்டின செடி" என்று மார்தட்டினார். பெரியவர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, தொட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"நிஜச் செடியா? பிளாஸ்டிக்னு நினைச்சுதான்மா விலை கேட்டேன்."

வெயிலைத் தாண்டியாயிற்று, இனி வாங்க வருகிறவர்களைத் தாண்டுவதுதான் பாக்கி என்று அன்றைக்கே அடுத்த கிளைகளை வெட்டி நட்டுவிட்டேன்.